நோயின் பெயரை அறியும் உரிமை

சயரோகம் ஏழையின் நோய் என்று சொல்லிச் சொல்லியே, ஏழைக்கு வருவதெல்லாம் சயரோகம் என்று முடிவு கட்டும் ஒரு வைத்திய மரபு நம் கண்முன்னே வளர்ந்துவிட்டது. முதலாவது கூற்றில் உண்மை உண்டு. இரண்டாவது கூற்று அந்த உண்மையின் போர்வையைப் போர்த்துக்கொண்டு வரும் பொய். இப்பொய்யினால் தவறான மருந்தை மாதக்கணக்காக விழுங்கி ஈரலையும் கண்ணையும் கெடுத்துக்கொள்வோர் ஒருபுறம். இதன் மறுபக்கமான இன்னொரு பொய்யினால், உள்ளே கனன்றுகொண்டிருக்கும் சயரோகத்துக்கு எண்ணெய் வார்க்கும் மருந்தைப் பெற்று மடிவோர் மறுபுறம். இவ்விரு சாராரையும் காப்பாற்றக்கூடிய ஒரு கருவி விஞ்ஞானத்தின் கையில் இருக்கிறது. அது எவருடைய பணத்தில் பிறந்தது, எவருடைய பையை நிரப்புகிறது, அதனால் என்ன முடியும், என்ன முடியாது என்பவற்றைப் பேசாமல் வெறுமனே 'நவீன விஞ்ஞானத்தின் வெற்றி' என்று பாராட்டுரை பாடுவதும், 'நமக்கேன் இந்த ஆடம்பரம்' என்று கைவிரிப்பதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்களே.

சயரோகத்தைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1882 மார்ச் 24ஆம் திகதி பேர்லின் நகரில் றொபேர்ட் கொக் அதன் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தார். கிருமி அறியப்பட்டு 140 ஆண்டுகளுக்கு மேலாகியும், 2023ஆம் ஆண்டில் மாத்திரம் 1 கோடியே 8 இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாயினர். 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் மாண்டனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. இந்நோயாளர்களில் நான்கில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் இந்தியாவில் வாழ்பவர்கள்.

சார்கொயிடோசிஸ் என்னும் மற்ற நோயின் பெயரை நம்மிற் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1877இல் இங்கிலாந்தின் ஜொனதன் ஹட்சின்சன் தோலில் கண்ட அடையாளங்களைக் கொண்டு இதனை முதலில் எழுதிவைத்தார். 1899இல் நோர்வே நாட்டு வைத்தியரான சீசர் பெக் இதற்கு இன்றைய பெயரின் வேரை இட்டார். இதன் காரணம் இன்றுவரை திட்டமாக அறியப்படவில்லை. உடலின் தற்காப்புச் சக்தி ஏதோவொன்றை எதிர்த்துப் போரிடுவதுபோல் கிரனுலோமா எனப்படும் சிறு முடிச்சுக்களைச் சுவாசப்பையிலும், நிணநீர்க் கணுக்களிலும், கண்ணிலும், சில வேளைகளில் இருதயத்திலும் உண்டாக்குகிறது. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றும் நோயாக இது அறியப்படவில்லை. பலருக்குத் தானாகவே தணிந்துவிடுகிறது. ஆனால் கண்ணைத் தாக்கினால் பார்வையைப் பறிக்கலாம். இருதயத்தைத் தாக்கினால் உயிரைப் பறிக்கலாம்.

இவ்விரு நோய்களும் வெளிப்பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். இருமல், காய்ச்சல், மெலிவு, களைப்பு, வீங்கிய கணுக்கள், எக்ஸ்கதிர்ப் படத்தில் நிழல் என எல்லாம் இரண்டிலும் வரும். நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தாலும் இரண்டிலும் முடிச்சுக்களே தெரியும். சயரோக முடிச்சின் நடுவில் பாலாடைக் கட்டிபோல் அழிந்த பகுதி இருப்பது வழக்கம். சார்கொயிடோசிஸ் முடிச்சில் அது இராது. ஆனால் 'வழக்கம்' என்ற சொல் சட்டமல்ல. அழிவில்லாத முடிச்சு சயரோகத்திலும் உண்டு.

உருவம் ஒன்றாயினும் மருந்து ஒன்றன்று. சயரோகத்துக்கு முதல் இரண்டு மாதங்கள் நான்கு மருந்துகளும், பின்னர் நான்கு மாதங்கள் இரண்டு மருந்துகளும் கொடுக்கப்படுகின்றன. சார்கொயிடோசிசுக்கு, சிகிச்சை தேவைப்படும்போது, உடலின் தற்காப்பைத் தணிக்கும் ஸ்டீரொயிட் மருந்தே முதன்மையானது. சயரோகிக்குச் சயரோக மருந்தின்றித் தனியே ஸ்டீரொயிட் கொடுப்பது, திருடன் வீட்டினுள் இருக்கையில் காவல் நாயைக் கட்டிப்போடுவது போன்றதாகும். சார்கொயிடோசிஸ் நோயாளிக்குச் சயரோக மருந்து கொடுப்பதோ, இல்லாத திருடனை அடிப்பதாக எண்ணி வீட்டுக்காரனை அடிப்பதாகும். ஈரலைத் தாக்கக்கூடியவை அம்மருந்துகளுள் மூன்று. எதம்பியூட்டோல் என்னும் நான்காவது மருந்து பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடியது.

இவ்விடத்தில் ஒரு கசப்பான உண்மையை ஊன்றிக் கவனிக்க வேண்டும். இத்தவறுகள் தம்மைத் தாமே மறைத்துக்கொள்ளும் தன்மையுடையன. சார்கொயிடோசிஸ் பலருக்குத் தானாகவே தணிவது என்று கண்டோம். அத்தகைய ஒருவருக்கு ஆறு மாதம் சயரோக மருந்தைக் கொடுத்தால் என்ன நிகழும்? நோய் தன்பாட்டில் தணியும். மருந்தினால் சயரோகம் குணமாயிற்று என்று பதிவேட்டில் எழுதப்படும். புள்ளிவிபரத்தில் ஒரு வெற்றி கூடும். மறுபுறம், சயரோகிக்கு ஸ்டீரொயிட் கொடுத்தால் காய்ச்சல் இறங்கும், வீக்கம் வற்றும், சில நாட்கள் உற்சாகமும் உண்டாகும். நோய் நீங்குகிறது என்று வீட்டார் மகிழ்ந்திருக்கும் வேளையில் கிருமி பெருகிக்கொண்டிருக்கும். ஆகவே 'மருந்தைக் கொடுத்துப் பார்ப்போம், குணமானால் அதுதான் நோய்' என்ற வாதம், அனுபவ ஞானம்போல் தோன்றினாலும், அறிவுக்குப் பொருந்தாதது. சோதனைக்குரிய பொருள் மருந்தேயன்றி மனித உடல் அல்ல.

இக்குழப்பத்தின் நடுவேதான் மூலக்கூற்றுப் பரிசோதனை வருகிறது. கிருமியின் மரபுப் பொருளான டி.என்.ஏ.யின் குறிப்பிட்ட ஒரு துண்டை எடுத்து, ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கி, கோடிக்கணக்காகப் பெருக்கிக் கண்டறியும் முறை இது. பி.சி.ஆர். என்ற மூன்றெழுத்தைக் கொரோனாக் காலத்தில் கேளாதார் இல்லை. வளர்ப்பு ஊடகத்தில் கிருமி முளைப்பதற்கு வாரக்கணக்காகக் காத்திருந்த இடத்தில், ஜீன்எக்ஸ்பேர்ட் என்னும் இயந்திரம் இரண்டு மணித்தியாலத்தில் விடை தருகிறது. றிபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்குக் கிருமி பணியுமா என்பதையும் கூறிவிடுகிறது. 2010 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இதனை அங்கீகரித்தது. கழுத்துக் கணுவிலிருந்தோ சுவாசப்பையிலிருந்தோ எடுத்த திசுவில் இப்பரிசோதனை சயரோகக் கிருமியைத் தெளிவாகக் காட்டுமானால், வைத்தியரின் பேனா ஸ்டீரொயிட் என்று எழுதுமுன் தடுக்கப்படுகிறது. இது சிறிய காரியமன்று.

ஆனால் இந்த இயந்திரத்தின் பிறப்பையும் வளர்ப்பையும் சற்று விசாரிப்போம். 2001இல் அமெரிக்காவில் அந்த்ராக்ஸ் கிருமி தபால் உறைகளில் அனுப்பப்பட்டதன் பின்னர், தபால் நிலையங்களைக் காக்க இதே தொழில்நுட்பம் பயன்படுத்தப்பட்டது. சயரோகத்துக்கான பரிசோதனை பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களின் உழைப்பிலும், அரசாங்க நிதியிலும், தரும நிதியிலும் உருவாயிற்று. இத்தொழில்நுட்பத்தின் விருத்திக்குச் சென்ற பொதுப்பணம் 25 கோடி டொலருக்கு மேற்பட்டது என்று 2021இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. உற்பத்தி செய்யும் செபைட் கம்பெனியையோ 2016இல் டானஹர் என்னும் பெருங் கம்பெனி ஏறக்குறைய 400 கோடி டொலருக்கு வாங்கியது. விதைத்தது பொதுமக்கள், களஞ்சியம் தனியாருக்கு!

2012இல் ஒரு பரிசோதனைக் குப்பியின் விலை, வறிய நாடுகளுக்கெனச் சலுகையாக, 9 டொலர் 98 சதமாக நிர்ணயிக்கப்பட்டது. அச்சலுகையையும் கம்பெனி தன் கருணையால் தரவில்லை. 1 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகையைக் கொடை நிறுவனங்கள் கொடுத்தே வாங்கின. பின்னர் உற்பத்தி பன்மடங்கு பெருகிற்று. விலை மாத்திரம் 11 ஆண்டுகள் அசையவில்லை. பெருந்தொகையாக உற்பத்தி செய்கையில் ஒரு குப்பிக்கு ஆகும் செலவு 3 டொலர் முதல் 5 டொலருக்குள்ளேயே என்ற மதிப்பீட்டை எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பு 2019இல் வெளியிட்டு, 5 டொலருக்குத் தாருங்கள் என்று கோரிக்கை எழுப்பிற்று. ஊர்வலங்களும் மகஜர்களும் நடந்தபின் 2023 செப்டெம்பரில் 7 டொலர் 97 சதமாக விலை இறங்கியது. போராடினால் இறங்கும் விலை, போராடாதிருந்த ஆண்டுகளில் எத்தனை பேரைப் பரிசோதனைக்கு வெளியே நிறுத்தியது என்று எண்ணிப் பாருங்கள். 2023இலும் புதிதாகக் கண்டறியப்பட்ட சயரோகிகளுள் நூற்றுக்கு 48 பேருக்கே முதற் பரிசோதனையாக இத்தகைய மூலக்கூற்றுப் பரிசோதனை கிட்டியது. சளிப் பரிசோதனைக்கே இந்நிலையெனில், உட்புறக் கணுவிலிருந்து திசு எடுத்துச் சோதிப்பது எத்தனை பேருக்குக் கிட்டும்?

கொடையை நம்பி வாழ்வதன் இலட்சணத்தையும் கண்டுவிட்டோம். வறிய நாடுகளின் சயரோகத் திட்டங்கள் பலவற்றுக்குத் தூணாக நின்ற அமெரிக்க அபிவிருத்தி உதவி முகவரகம் 2025 ஜூலையில் தன் தொழிற்பாட்டையே நிறுத்திற்று. வாஷிங்டனில் ஒருவர் கையெழுத்திட்டால் ஆபிரிக்கக் கிராமமொன்றில் பரிசோதனை நின்றுவிடும் என்றால், அதற்குப் பெயர் உதவியா, கயிறா?

இனி, சந்தையின் மறுமுகத்தையும் பார்ப்போம். விலை உயர்ந்த நல்ல பரிசோதனை ஏழைக்கு மறுக்கப்படும் இடத்தில், பயனற்ற பரிசோதனை ஏழைக்கு விற்கப்படும். இரத்தத்தில் பிறபொருளெதிரியைப் பார்த்துச் சயரோகத்தைச் சொல்வதாக விளம்பரம் செய்த பரிசோதனைகள் இந்தியாவின் தனியார் ஆய்வுகூடங்களில் பல்லாண்டுகள் அமோகமாக விற்பனையாயின. அவை நோயுற்றவரை நோயற்றவர் என்றும், நோயற்றவரை நோயுற்றவர் என்றும் கூறின. 2011 ஜூலையில் உலக சுகாதார ஸ்தாபனம் அவற்றைப் பயன்படுத்தவே கூடாது என்று அறிவித்தது. 2012 ஜூனில் இந்திய அரசாங்கம் தடைசெய்தது. அதுவரை கழிக்கப்பட்ட கூலிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர் எவர்?

இந்த வரலாறு தெரிந்தவர்கள், 'சயரோகமா சார்கொயிடோசிசா என்பதை ஒரே பரிசோதனையில் பிரித்துத் தருவோம்' என்ற வணிகக் குரலைக் கேட்கும்போது எச்சரிக்கையடைய வேண்டும். மூலக்கூற்றுப் பரிசோதனை ஒரு கேள்விக்கே விடை கூறும்: இத்திசுவில் சயரோகக் கிருமியின் மரபுத்துண்டு கண்ணுக்கெட்டும் அளவில் உண்டா? 'உண்டு' என்றால் பெரும்பாலும் விடயம் முடிந்தது. 'இல்லை' என்றால் முடியவில்லை. நுணுக்குக்காட்டியில் சளியில் கிருமி தெரிந்தவர்களிடம் இப்பரிசோதனை நூற்றுக்கு 98 பேரைக் கண்டுபிடிக்கிறது. தெரியாதவர்களிடமோ நூற்றுக்கு 67 பேரை மட்டுமே கண்டுபிடிக்கிறது என்று 2014ஆம் ஆண்டின் கொக்றேன் தொகுப்பாய்வு கூறிற்று. சார்கொயிடோசிஸ் என்று மயங்கத்தக்க சயரோகமோ கிருமி மிகக் குறைந்த வகையினது. எந்த இடத்தில் ஐயம் மிகுதியோ அந்த இடத்திலேயே இயந்திரத்தின் பார்வையும் மங்குகிறது. 2017இல் வந்த புதிய குப்பி மேலும் நுண்ணியதுதான். ஆயினும், நுண்மை கூடக்கூட, முன்னொருகால் குணமான சயரோகத்தின் செத்த கிருமிகளின் எச்சத்தையும் அது காட்டிவிடக்கூடும்.

இன்னும் கேளுங்கள். பல ஆய்வுகூடங்கள் தேடும் ஐ.எஸ். 6110 என்ற மரபுத்துண்டு, தென்னிந்தியாவின் சயரோகக் கிருமி வகைகள் பலவற்றில் ஒரே ஒரு பிரதியாகவே உள்ளது. சிலவற்றில் அறவே இல்லை. ஐரோப்பாவின் கிருமிக்குத் தைத்த சட்டை சென்னைக் கிருமிக்குப் பொருந்தவேண்டும் என்ற நியதி இல்லை. 2007இல் சண்டிகார் ஆராய்ச்சியாளர்கள் 31 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, சார்கொயிடோசிஸ் என்று தீர்மானிக்கப்பட்ட 874 நோயாளருள் 231 பேரின் மாதிரிகளில் சயரோகக் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த பற்றீரியாக்களின் மரபுப்பொருள் காணப்பட்டது. எனவே நுண்ணிய பரிசோதனையில் ஒரு சிறு சுவடு தெரிவது மாத்திரம் சயரோகத்துக்குச் சாட்சியாகிவிடாது. எவ்வளவு தெரிகிறது என்ற அளவும் வேண்டும். கிருமியை விட்டு உடலையே கேட்போம் என்று, இரத்தக் கலங்களில் எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்பதை 2012இல் பேர்லின் விஞ்ஞானிகள் ஒப்பிட்டனர். இரு நோய்களின் கையெழுத்துக்களும் பெரிதும் ஒத்திருந்தன! இயற்கை இவ்விரண்டையும் அவ்வளவு நெருக்கமாகப் பின்னிவைத்திருக்கையில், கம்பெனியின் விளம்பரத் துண்டு மாத்திரம் அவற்றை ஒரே நொடியில் பிரித்துவிடுமா?

இதனால் பரிசோதனையே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. பரிசோதனை வேண்டும், அதைச் சூழ்ந்து நிற்கும் வைத்தியமும் வேண்டும் என்கிறோம். எடுத்த திசுவை நுணுக்குக்காட்டியில் பார்க்கும் நோயியலாளர், கிருமியை வளர்த்துப் பார்க்கும் ஆய்வுகூடம், மூலக்கூற்றுப் பரிசோதனை ஆகிய மூன்றும் ஒரே நோயாளிக்கு ஒருங்கே கிட்டவேண்டும். இதில் டொலர் தேவைப்படாத ஒரு பகுதியும் உண்டு. சத்திரசிகிச்சையில் எடுத்த திசு முழுவதையும் போர்மலின் திரவத்தில் போட்டுவிடும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. போர்மலினில் கிருமி சாகும்; அதன்பின் வளர்ப்புப் பரிசோதனை இயலாது; மரபுப்பொருளும் சிதையும். திசுவில் ஒரு துண்டை உப்புநீர்க் குப்பியில் வேறாக இடுவதற்கு எந்தப் பன்னாட்டுக் கம்பெனியின் அனுமதியும் தேவையில்லை. அக்கறை மாத்திரமே தேவை. ஏழையின் உடலிலிருந்து எடுத்த துண்டு என்பதால் அக்கறையும் குறைந்துவிட்டதோ?

'சார்கொயிடோசிஸ் நமது பிரதேசத்தில் அபூர்வம். அதற்காக ஏன் இவ்வளவு ஆரவாரம்' என்று சிலர் கேட்பர். தேடாத பொருள் அபூர்வமாகவே இருக்கும். இது வட ஐரோப்பியரின் நோய் என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். பின்னர் அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் அது மிகுதியாகவும் கடுமையாகவும் இருப்பது தெரிந்தது. இந்தியாவிலும் நெடுங்காலம் மிக அபூர்வமென்றே கருதப்பட்டது; திசு எடுக்கும் வசதி பெருகப் பெருக நோயாளரின் தொகையும் பெருகுகிறது. நோய் புதிதாக வரவில்லை. கண் புதிதாகத் திறந்திருக்கிறது. அதுவும் எவருக்குத் திறந்திருக்கிறது? பணம் கொடுத்துத் திசு எடுக்கக்கூடியவர்க்கு. ஒரே இருமலுக்கு மாளிகையில் ஒரு பெயரும் குடிசையில் ஒரு பெயரும் இருக்குமாயின், அது வைத்தியத்தின் பிரிவன்று, வர்க்கத்தின் பிரிவு.

நமது அணியைச் சேர்ந்த நண்பர்கள் சிலருக்கும் ஒரு வார்த்தை கூறவேண்டும். 'சயரோகத்தின் வேர் பசியிலும் இருண்ட வீட்டிலும் இருக்கிறது. அதை மாற்றாமல் இயந்திரங்களைப் பற்றிப் பேசுவது திசை திருப்பல்' என்று அவர்கள் வாதிடுகின்றனர். வேரைப் பற்றிய கூற்றில் நமக்கு மாறுபாடில்லை. ஜார்கண்ட் மாநிலத்தில் சயரோகிகளின் குடும்பத்தாருக்குச் சத்துணவு கொடுத்தபோது, அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது நூற்றுக்கு 39 குறைந்தது என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டிற்று. சோறு மருந்தாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் இன்று காய்ச்சலோடு படுத்திருப்பவரின் மார்புக்குள் இருப்பது கிருமியா, காரணம் அறியாத வீக்கமா என்பதைச் சோறு சொல்லாது. அவருக்கு ஸ்டீரொயிட் கொடுக்கலாமா கூடாதா என்பதைச் சமுதாய மாற்றத்துக்குப் பிந்திய நாளுக்கு ஒத்திவைக்கவும் இயலாது. விஞ்ஞானத்தை எதிரியின் சொத்தென்று தள்ளிவிடுபவர், அதை எதிரிக்கே எழுதிக்கொடுக்கிறார்.

விஞ்ஞானம் மக்கள் பக்கம் நின்ற முன்னுதாரணங்களும் இல்லாமலில்லை. மலைவாசத்து ஆரோக்கியசாலையில் படுக்கவைத்து நல்லுணவு கொடுத்தாலன்றிச் சயரோகம் தீராது என்று மேல்நாட்டார் நம்பியிருந்த காலத்தில், 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஆய்வு நிலையம், வறிய குடும்பத்தார் தம் வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடைய முடியும் என்பதை 1959இல் நிரூபித்தது. அம்முடிவு உலகெங்கும் சயரோக சிகிச்சையின் போக்கையே மாற்றிற்று. கோவாவில் உருவாகிய ட்ரூநாட் என்ற மின்கலத்தில் இயங்கும் மூலக்கூற்றுப் பரிசோதனைக் கருவியை 2020இல் உலக சுகாதார ஸ்தாபனம் அங்கீகரித்தது. ஒரு கம்பெனியின் ஏகபோகம் இயற்கை நியதியன்று என்பதற்கு இதுவே சான்று.

ஆகவே நாம் கேட்பது தெளிவானது. பொதுப்பணத்தில் பிறந்த பரிசோதனையின் உற்பத்திச் செலவு பொதுமக்கள் முன் வைக்கப்படவேண்டும். விலை அதற்கேற்ப அமையவேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளில் திசுப் பரிசோதனையும் வளர்ப்புப் பரிசோதனையும் மூலக்கூற்றுப் பரிசோதனையும் கட்டணமின்றி ஒருங்கே கிடைக்கவேண்டும். நம் பிரதேசத்துக் கிருமிகளை வைத்து நம் ஆய்வுகூடங்களிலேயே பரிசோதனைகள் சீர்தூக்கப்படவேண்டும். உயிராபத்து நெருங்கி, விடைக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்க நேர்ந்தால், அது ஊகமே என்று நோயாளிக்குச் சொல்லப்படவேண்டும். ஊகம் பிழைத்ததா என்று பின்னர் தேடிப் பார்க்கப்படவும் வேண்டும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதனை வைத்தியர்களின் விவகாரம் என்று விட்டுவிடலாகாது. 'சயரோகி' என்ற பெயர் ஒட்டப்பட்ட பெண்ணின் கலியாணம் தடைப்படுவதையும், அப்பெயர் தாங்கிய தொழிலாளியை வேலைத்தலம் ஒதுக்குவதையும் நாம் அறிவோம். சயரோகிக்கு அந்த அவமதிப்பு நேர்வதே அநீதி. சயரோகமே இல்லாதவர் அதைச் சுமப்பது அநீதியின்மேல் அநீதி. சயரோகம் இருந்தும் அதன் பெயர் தெரியாமல் சாவதோ கொலைக்கு ஒப்பானது. தன்னைக் கொல்ல வந்திருப்பது எது என்று அறிந்துகொள்ளும் உரிமை மனிதனுக்குள்ள உரிமைகளில் மிகக் குறைந்தபட்சமானது. அதைக்கூட 8 டொலர் விலைச்சீட்டு ஒட்டி விற்கும் உலகத்தை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டுமா?